பட்டன் இருக்கிறது, ஆயுள் இருக்கிறதா?
கரிசல் காட்டுக் காருக்கு டயர் வாங்கும் கணக்கு

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் வீட்டு வாசலில் கார் நிற்பது இப்போது அதிசயமில்லை. பெரும்பாலும் இரண்டாவது கை, மூன்றாவது கை மாறி வந்த ஆல்ட்டோ, ஆம்னி, பழைய ஸ்விஃப்ட். கொஞ்சம் வசதி இருந்தால் பொலிரோ. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் ஒருசேர விளைந்து கொடுத்த ஏதோ ஒரு நல்ல வருஷத்தில் வாங்கியதாக இருக்கும். அடுத்த வருஷமே மழை ஏமாற்றியிருக்கும். கார் மட்டும் மிச்சம்.

இந்தக் கார்கள் தினமும் ஓடுவதில்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு, விளாத்திகுளம் பக்கம் ஒரு காதுகுத்துக்கு, சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு, எப்போதாவது திருச்செந்தூருக்கு. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும். இப்படி நிற்கிற காரின் டயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பட்டன் தேய்ந்திருக்காது. கையால் தடவிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் அண்ணாச்சி" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போவார். அவர் பார்த்தது பட்டனை. ரப்பரின் வயதை அவர் பார்க்கவில்லை.

டயர் ரப்பர் ஓடினாலும் கிழடாகும், ஓடாமல் நின்றாலும் கிழடாகும். வெயில், காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் மூன்றும் சேர்ந்து அதன் நெகிழ்ச்சியை உறிஞ்சிவிடும். ரப்பர் காயாமல் இருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருட்களும் மெழுகும் டயர் உருளும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து பாதுகாப்பு கொடுக்கும். நிற்கிற வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. கோடையில் கரிசல் நிலம் வெடிப்பதுபோல டயரின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிய ஆரம்பித்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரை அந்தப் பழைய டயர் தாங்கும். ஆனால் எட்டயபுரத்தை ஒட்டிப் போவது மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச்சாலை. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டியில் இருப்பது மதுரை – திருநெல்வேலி நான்கு வழிச்சாலை. சித்திரை மாத உச்சிவெயிலில், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சாலையில் ஏறினால் கதையே வேறு. வண்டிக்குள் இருப்பது பேறுகாலத்துக்குப் போகும் மகளாகவோ, மருந்து வாங்கப் போகும் தாயாராகவோ இருக்கும்.

வெடிப்பதற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல

வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிக்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டு கோடையில் காற்றைக் குறைத்து அடிக்கிறார்கள். இது நேர் எதிரான காரியம். டயருக்குள் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் கூடும். அதைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். ஆபத்து காற்றுக் குறைவில் இருக்கிறது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடும் அல்லவா, அதே வேலை டயருக்குள் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை நடக்கும். உள்ளே ரப்பரும் நூலும் ஒட்டியிருக்கும் பிடி விட்டுப்போகும். கடைசியில் வெடிக்கும். தார்ச்சாலைச் சூடும், அதிகச் சுமையும், வயதான ரப்பரும் சேர்ந்தால் அந்தக் கடைசி சீக்கிரம் வரும்.

இந்த வட்டாரத்தில் காற்று குறைவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. சீமைக்கருவேல முள். ஓடை ஓரத்தில், கண்மாய்க் கரையில், வண்டிப் பாதையின் இரு பக்கமும் அதுதான். டியூப் டயரில் முள் ஏறினால் உடனே காற்று இறங்கிவிடும், தெரிந்துவிடும். டியூப்லெஸ் டயரில் அப்படியில்லை. முள் உள்ளேயே ஒடிந்து நின்று, தானே அடைப்பாகவும் இருந்துகொண்டு, நாளுக்குக் கொஞ்சமாகக் காற்றை விடும். வாரக்கணக்கில் நின்ற வண்டியை அவசரத்துக்கு எடுக்கும்போது முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபதுதான் இருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியே நான்கு வழிச்சாலையில் ஏறுவார்கள்.

ஆகவே புது டயருக்குக் காசு தேடும் முன் சில நூறு ரூபாயில் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வைப்பதுதான் முதல் செலவு. காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ள ஸ்டிக்கரிலோ, வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வேறு சங்கதி, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கேட்டுப் பிடிக்கலாம். நைட்ரஜன் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு டயருக்கும் காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். பட்ஜெட் போட்டு வண்டி ஓட்டுபவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது

ஆல்ட்டோ 800 டயரின் பக்கவாட்டில் 145/80 ஆர் 12, அதையடுத்து 74 டி என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்ற கணக்கு. ஆர் என்றால் ரேடியல். 12 என்பது டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். பழைய ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர் 14, பொலிரோவில் 215/75 ஆர் 15 என்று பார்க்கலாம். ஒரே மாடலிலேயே விலை கூடிய ரகத்துக்கு வேறு சைஸ் இருக்கும் என்பதால் உங்கள் வண்டியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியில் உள்ள 74 டி என்பதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. 74 என்றால் ஒரு டயர் தாங்கும் சுமை 375 கிலோ. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும், நமக்கு அது பிரச்னையே இல்லை. சுமை எண்தான் பிரச்னை. 85 என்றால் 515 கிலோ. 100 என்றால் 800 கிலோ. வண்டியோடு வந்த டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மாட்டக் கூடாது.

இதில் ஒரு குழி இருக்கிறது. டாடா ஏஸ், ஆம்னி போன்ற வண்டிகளின் டயரும் 145 ஆர் 12 என்றுதான் இருக்கும். ஆல்ட்டோவுக்கும் 12 அங்குல டிஸ்க்தான். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், டிஸ்க்கிலும் உட்காரும். ஆனால் ஏஸ் டயரில் எல்.டி. என்றும் 8 பி.ஆர். என்றும் சேர்ந்து எழுதியிருக்கும். உள்ளே அடுக்குப் பலம் அதிகம், சுமை எண்ணும் அதிகம். ஆல்ட்டோவில் கழற்றிய டயரை ஏஸில் மாட்டி வெங்காயமோ மக்காச்சோளமோ ஏற்றுவது, டயரை வெடிக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சமம்.

காரிலும் சுமை ஏறத்தான் செய்கிறது. விதைப்புச் சமயத்தில் பின்சீட்டை மடக்கிவிட்டு உரமூட்டை ஏற்றாத விவசாயி யார்? யூரியா மூட்டை 45 கிலோ. ஆறு மூட்டை ஏற்றினால் 270 கிலோ. அது கிட்டத்தட்ட முழுவதும் பின் டயர் இரண்டின் மேல்தான் விழும். ஏற்றுவதாக இருந்தால் அன்றைக்கு ஸ்டிக்கரில் உள்ள முழுச் சுமை அளவுக்குக் காற்று அடித்துவிட்டு, ஊர்ச் சாலையிலேயே மெதுவாகப் போக வேண்டும். இரண்டு நடையாகக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

டயரின் வயது

டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் ஒரு நீளமான எண் வரிசை பக்கவாட்டில் இருக்கும். அதன் முடிவில் சிறிய கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 3518 என்று இருந்தால் 2018-ம் ஆண்டின் 35-வது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசியில் செய்த டயர். சில சமயம் இந்த நான்கு இலக்கம் டயரின் உள்பக்கத்தில் இருக்கும். குனிந்து பார்க்க வேண்டும்.

ஐந்து வருஷத்தைத் தாண்டிய டயரை வருஷா வருஷம் கழற்றிச் சோதிக்க வேண்டும், பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் சொல்லும் பொதுவான கணக்கு. வெயிலிலேயே நிற்கும் வண்டிக்குப் பத்து வருஷம் அதிகம். ஆறேழு வருஷத்தில் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். கடை மூலையில் இரண்டு வருஷம் கிடந்த டயரைத் தூசி தட்டித் தந்தால் உங்கள் இரண்டு வருஷம் போனதாகக் கணக்கு. ஆறு மாதத்துக்குள் செய்த டயராகக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

பட்டனையும் அளந்துதான் ஆக வேண்டும். கார் டயரில் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படி ஓட்டக் கூடாது. பட்டன் பள்ளங்களுக்கு நடுவே அந்த உயரத்துக்கு ஒரு சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். பட்டனும் மேடும் ஒரே மட்டம் ஆகிவிட்டால் டயர் முடிந்தது. மழைச் சாலைக்கு 1.6 போதாது, மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். அளப்பதற்குக் கோவில்பட்டித் தீக்குச்சியே போதும். பள்ளத்துக்குள் நிறுத்தி, மேல் விளிம்பில் நகத்தால் குறித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு டயரில் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே பக்கம் தேயும், அவ்வளவுதான்.

கரிசல் சகதிக்கு எந்த டயர்?

ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் போக எந்தப் பட்டன் நல்லது என்று கேட்டால், உண்மையான பதில்: எதுவும் இல்லை. கரிசல் களிமண் தண்ணீரைக் குடித்து ஊதும், ஒட்டும். நாலு சுற்றில் பட்டன் பள்ளம் முழுவதும் மண் அடைத்து, டயர் வழுவழுப்பான உருளை ஆகிவிடும். டிராக்டரே தடுமாறும் இடத்தில் ஆல்ட்டோ என்ன செய்யும்? முரட்டுப் பட்டன் உள்ள டயரை அதிக விலை கொடுத்து வாங்கி மாட்டினால், வருஷத்தில் பத்து நாள் சகதிக்காக மீதி நாளெல்லாம் தார்ச்சாலையில் இரைச்சலையும் டீசல் செலவையும் சுமக்க வேண்டும். காட்டுக்குள்ளேயே குடியிருந்து பொலிரோ வைத்திருப்பவருக்கு அது சரி. மற்றவர்கள் சாதாரணச் சாலை டயரே வாங்கலாம். மழை நாளில் வண்டியைத் தார்ச்சாலை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் பெரியவர்கள் வண்டி மாட்டோடு கண்ட வழி. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் போய் டயர் மாட்டு வண்டி வந்தபோது மாடுகளுக்கு இழுவைப் பாரம் குறைந்தது, ஆனாலும் சகதியில் வண்டியை இறக்காதே என்ற பாடம் மாறவில்லை.

சகதியில் இறங்கியே ஆகவேண்டி வந்தால், சாலைக்கு ஏறியதும் குச்சியால் பட்டன் மண்ணைக் குத்தி எடுத்துவிட்டுப் போக வேண்டும். மண் அடைத்த டயரில் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கின் உள்பக்கம் ஒரு பாளம் கரிசல் காய்ந்து ஒட்டியிருந்தால் ஸ்டீயரிங் உதறும். பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடும் முன் அதைப் பாருங்கள்.

அகல டயர் ஆசையையும் இங்கேயே சொல்லிவிடலாம். சைஸ் கூட்டிப் போட்டால் வண்டி எடுப்பாகத் தெரியும். விலை அதிகம், மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், வேகம் காட்டும் முள்ளும் தப்பாகக் காட்டும். வண்டியோடு வந்த சைஸே போதும்.

காசு எப்படிப் பிரிப்பது?

செகண்ட் ஹேண்ட் டயர் மலிவு என்பது பாதி உண்மை. ஒரு கணக்குக்காக, புது டயர் 4,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 10 காசு. பழைய டயர் 1,500 ரூபாய்க்கு வாங்கி 10,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 காசு. கழற்றி மாட்டும் கூலி இரண்டு தடவை. வருஷத்துக்கு ஐயாயிரமே ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். புது டயர் தேய்வதற்குள் வயதாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் நீண்ட உழைப்பைச் சொல்லி விற்கும் விலை கூடிய ரகத்துக்குப் போக வேண்டியதில்லை. தெரிந்த கம்பெனியின் அடிப்படை ரகமே போதும். தினமும் ஆட்டு வியாபாரத்துக்கோ, பூக்கடைக்கோ ஓடுபவர்தான் அதிகக் கிலோமீட்டர் உழைக்கும் ரகத்தைத் தேட வேண்டும்.

கையில் காசு இல்லை, பழைய டயர்தான் வாங்க முடியும் என்ற நிலையும் வரத்தான் செய்யும். அப்போது டிஸ்க்கில் மாட்டும் முன் டயரை வெளியே வைத்து, உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே பெரிய ஒட்டு, சுருக்கம், ரப்பர் தூள் உதிர்ந்த தடம் இருந்தால் வேண்டாம். காற்றுக் குறைவாக ஓடி வெந்த டயர் அது. பக்கச் சுவரில் கொப்புளம்போல் புடைப்பு இருந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது. பட்டன் பள்ளத்தைக் கத்தியால் வெட்டி ஆழமாக்கி, கறுப்புப் பாலிஷ் அடித்து வைத்திருப்பதும் உண்டு. பள்ளத்தின் அடியில் அந்த ரப்பர் மேடுகள் காணாமல் போயிருந்தாலோ, நூல் தெரிந்தாலோ வெட்டிய டயர்தான். வயது நாலு வருஷத்துக்கு மேல் என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ரீட்ரெட் செய்வது லாரி டயருக்கு நல்ல வழி, அந்த டயரின் உடம்பே அதற்காகச் செய்தது. கார் டயருக்கு அது ஒத்துவராது.

நாலும் ஒரே சமயத்தில் மாற்ற முடியாவிட்டால் இரண்டிரண்டாக மாற்றலாம். ஒரே அச்சில் இரண்டும் ஒரே சைஸ், ஒரே ரகமாக இருக்க வேண்டும். புது ஜோடியை எங்கே மாட்டுவது என்பதில்தான் கடைக்காரரோடு வாக்குவாதம் வரும். முன்சக்கரம்தான் இழுக்கிறது, அதுதான் தேய்கிறது, அங்கேயே போடு என்பார்கள். டயர் நிறுவனங்களின் யோசனை வேறு: புதுசு பின்னால். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகிய டிரைவராலும் பிடிக்க முடியாது. ஆனால் முன்னால் மாட்டும் பழைய ஜோடியும் சட்ட அளவுக்கு மேல் பட்டனும் வெடிப்பில்லாத சுவரும் உள்ளதாக இருக்க வேண்டும்.

எப்போது வாங்குவது? புரட்டாசியில் விதைப்புச் செலவு கழுத்தை நெரிக்கும்போது டயருக்குக் காசு ஒதுங்காது. தையில் உளுந்து, பாசி விற்ற காசோ, மாசி பங்குனியில் மிளகாய் வற்றல் விற்ற காசோ வரும்போது ஒரு ஜோடி, அடுத்த வெள்ளாமையில் இன்னொரு ஜோடி என்று பிரிப்பது பல வீடுகளுக்கு ஒத்துவரும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் 18-லிருந்து 5 சதவிகிதம். பழைய விலையை யாராவது சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கினால்தான் டயர் புடைத்தாலோ பிளந்தாலோ கம்பெனியிடம் வாரண்டி கேட்க முடியும்.

இன்சூரன்ஸை நம்பி இருக்க முடியாது. சாதாரண முழு இன்சூரன்ஸில் டயர் மட்டும் வெடித்தால் பணம் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்கும் உண்டு, அதுவும் விலையில் பாதிதான்.

பஞ்சர் பார்க்கும்போது

முள் பஞ்சர் பட்டன் பகுதியில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டக் கூடாது. வெளியிலிருந்து ரப்பர் திரி குத்தி அடைப்பது வழியில் ஊர் வந்து சேர்வதற்கு. வீட்டுக்கு வந்தபின் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போடுவதுதான் நிலையான வைத்தியம். அப்படிக் கழற்றும்போதுதான் ஒடிந்து நிற்கும் மற்ற முட்களும் தெரியும். "டியூப்லெஸ் நிக்கல, உள்ள ஒரு டியூப் போட்டுருவோம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். டியூபும் டயரும் உரசிச் சூடாகும், அதன்பின் ஒரு முள் ஏறினாலும் காற்று ஒரேயடியாக இறங்கிவிடும். காற்று நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க் விளிம்பின் துருவோ, பள்ளத்தில் விழுந்து வளைந்ததோ, வால்வு காய்ந்துபோனதோதான். சோப்பு நுரை தடவினால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். புது டயர் மாட்டும்போது வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். செலவு சொற்பம்.

கழற்றிய டயரைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆட்டுக்குத் தீவனத் தொட்டி ஆகுமே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடியில் நாலு துளை போட்டுவிட வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிய பழைய டயர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம்.